பையருக்கு எழுதும் மெயிலுக்குப் பதிலே வருவதில்லை. எப்படி எழுத வேண்டும்?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஜூனியர் மெர்ச்சண்டைசராக (ஆர்டரை ஆரம்பம் முதல் அனுப்பும் வரை கவனிப்பவர்) சேர்ந்திருக்கிறேன். பையருக்கு, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்காரருக்கு, எழுதும் மெயில் நீளமாகிவிடுகிறது, பதிலும் வருவதில்லை. உள்ளே மெமோ, நோட்டீஸ் எழுதவும் சொல்கிறார்கள். ஆங்கிலம் சுமார்தான். என்ன செய்வது?

பதில்:

பதில் வராததற்கு உங்கள் ஆங்கிலம் காரணமாக இருக்காது. ஹாம்பர்க்கிலோ பார்சிலோனாவிலோ உட்கார்ந்திருக்கும் பையருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். இலக்கணப் பிழையை அவர் கண்டுகொள்ளவே மாட்டார். மெயிலைத் திறந்ததும் தான் என்ன முடிவு சொல்ல வேண்டும் என்று தெரியாவிட்டால், அப்புறம் பார்க்கலாம் என்று மூடிவிடுவார். அவருக்குப் பங்களாதேஷிலும் துருக்கியிலும் வேறு சப்ளையர்கள் இருக்கிறார்கள். அந்த அப்புறம் வரவே வராது.

எனவே ஒரே ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள்: இந்த ஒரு மெயிலை மட்டும் படித்துவிட்டு, பழைய மெயிலையோ எக்ஸல் ஷீட்டையோ தேடாமல் அவரால் முடிவு சொல்ல முடியுமா? முடியும் என்றால் அனுப்பலாம்.

லேப் டிப் (நிறம் சரிபார்க்கச் சாயமேற்றி அனுப்பும் மாதிரித் துணித் துண்டு) ஒப்புதலை எடுத்துக்கொள்வோம். வழக்கமாகப் போகும் மெயில் இப்படி இருக்கும்: பொருள் "லேப் டிப்". உள்ளே "நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம். மேற்கண்ட ஆர்டருக்கு லேப் டிப் அனுப்பியிருக்கிறோம். சாயப்பட்டறையில் வேலை அதிகம் என்பதால் சற்றுத் தாமதமாகிவிட்டது. தயவுசெய்து சீக்கிரம் ஒப்புதல் தந்து உதவவும்." எந்த ஆர்டர், எந்த நிறம், எத்தனை துண்டு, எப்போது கைக்கு வரும், சீக்கிரம் என்றால் எப்போது, ஒன்றுமே இதில் இல்லை. சாயப்பட்டறைக் கதை மட்டும் இருக்கிறது. அது அவருக்குத் தேவையே இல்லை.

அதையே இப்படி எழுதலாம் (பி.ஓ. என்பது பையரின் ஆர்டர் எண், பேன்டோன் டிசிஎக்ஸ் என்பது துணி நிறங்களுக்கான பொது எண், எக்ஸ்-ஃபேக்டரி என்பது சரக்கு நம் ஆலையை விட்டுக் கிளம்பும் தேதி):

பொருள்: பி.ஓ. 4471 / ஆண்கள் டி-ஷர்ட் / நீலம் லேப் டிப் – 12 ஜூன் வியாழனுக்குள் ஒப்புதல் தேவை

"12 ஜூன், உங்கள் நேரம் மாலை 5 மணிக்குள் ஏ, பி, சி மூன்றில் ஒன்றுக்கு ஒப்புதல் தேவை.

நிறம்: பேன்டோன் 19-4052 டிசிஎக்ஸ். 6 ஜூன் வெள்ளியன்று கூரியரில் அனுப்பினோம், 10 ஜூன் செவ்வாயன்று உங்களிடம் வந்து சேரும். டிராக்கிங் எண் கீழே.

எங்கள் தேர்வு பி. டி65 விளக்கில் பொருந்துகிறது, டிஎல்84 விளக்கில் லேசாகச் சிவப்படிக்கிறது.

12-க்குள் ஒப்புதல் வந்தால் 13 ஜூன் துணி சாயத்துக்குப் போகும், 18 ஜூலை எக்ஸ்-ஃபேக்டரி தேதி மாறாது. அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நாள் தள்ளிப்போகும்.

மூன்றும் சரியில்லை என்றால், எது நெருக்கம், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லவும்: அடர் / வெளிர், சிவப்பு / பச்சை."

கேட்பது முதல் வரியிலேயே வந்துவிட்டது. நம் பரிந்துரையைச் சொன்னதோடு அதன் குறையையும் சொல்லியாயிற்று. டி65 என்பது பகல் வெளிச்சத்தைப் போன்ற சோதனை விளக்கு, டிஎல்84 என்பது ஐரோப்பியக் கடை வெளிச்சத்தைக் குறிக்கும் சோதனை விளக்கு. அந்தக் குறையை நாம் சொல்லாமல் விட்டு அவர் லைட் பாக்ஸில் (நிறத்தை ஒப்பிடும் விளக்குப் பெட்டி) கண்டுபிடித்தால், அடுத்த லேப் டிப்பில் நாம் சொல்வதை நம்பமாட்டார். கடைசி வரியும் முக்கியம். அது இல்லாவிட்டால் "ரிஜெக்டட்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும், சாயக்காரர் குருட்டாம்போக்கில் இன்னொரு ரவுண்டு போடுவார், ஒரு வாரம் போய்விடும்.

பொருள் வரியில் ஆர்டர் எண், ஸ்டைல், விஷயம், தேதி என்ற வரிசையை எல்லா மெயிலிலும் மாற்றாமல் வைத்திருங்கள். மூன்று மாதம் கழித்து 4471 என்று தேடினால் மொத்தமும் வரிசையாக வர வேண்டும். ஒரு மெயிலில் ஒரு விஷயம்தான். லேப் டிப், ஃபிட் சாம்பிள் (அளவு பார்க்கத் தைத்து அனுப்பும் மாதிரி) கமெண்ட், விலை மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் எளிதான ஒன்றுக்குப் பதில் வரும், மற்ற இரண்டும் அப்படியே கிடக்கும்.

எண்களிலும் தேதிகளிலும்தான் பெரிய நஷ்டம் வருகிறது. 05/06/2025 என்று எழுதினால் நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. மாதத்தை எழுத்தில்தான் எழுத வேண்டும். ஐரோப்பிய பையர்கள் "வீக் 29" என்று வார எண்ணில் பேசுவார்கள். அவர்கள் கணக்கில் வாரம் திங்களன்று தொடங்கும், ஆண்டின் முதல் வியாழன் விழும் வாரம்தான் வீக் 1. நம் மேசைக் காலண்டரை வைத்து எண்ணினால் ஒரு வாரம் பிசகலாம். "வீக் 29, அதாவது 14 – 20 ஜூலை" என்று இரண்டையும் எழுதிவிடுங்கள். ஜெர்மனியில் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறும். நாம் 1,500 கிலோ என்று எழுதுவதை அவர்கள் ஒன்றரை கிலோ என்று படிக்கலாம், அவர்கள் 1.500 என்று எழுதினால் ஆயிரத்து ஐந்நூறு. பீஸ், கிலோ அளவுகளைக் குறியே போடாமல் 1500 என்று எழுதுவது உத்தமம். லட்சம், கோடி வெளிநாட்டு மெயிலில் வேண்டாம்.

"இன்றைக்குள்" என்பதும் ஆபத்து. இன்று யாருடைய இன்று? ஜெர்மனிக்கும் நமக்கும் கோடையில் மூன்றரை மணி நேர வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. மார்ச் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் அவர்கள் நேரம் மாறும். கோடையில் நம் பகல் 11.30-க்கு அவர்களுக்குக் காலை 8. முந்தின இரவு நீங்கள் அனுப்பிய மெயில் அதற்குள் ஐம்பது மெயிலுக்கு அடியில் போயிருக்கும். ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும் நேரம் குறித்து அனுப்பும் வசதி இருக்கிறது, பகல் 11.30 – 12-க்குப் போகும்படி வையுங்கள். விடுமுறையையும் பாருங்கள். மேலே சொன்ன மாதிரியில் 9 ஜூன் 2025 ஜெர்மனியில் பெந்தெகொஸ்தே திங்கள், அலுவலகம் கிடையாது. கூரியர் செவ்வாய்க்குக் கணக்கிட்டிருப்பது அதனால்தான்.

விலை மெயிலில் அளவு, கரன்சி, எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும் வரையிலான செலவு நம்முடையது) தூத்துக்குடியா வேறா, எந்தத் தேதி வரை செல்லும் என்ற நான்கும் இல்லாமல் எண்ணை மட்டும் அனுப்பாதீர்கள். நூல் விலை மாதா மாதம் ஏறி இறங்கும் ஊரில், காலக்கெடு போடாத விலையைப் பையர் மூன்று மாதம் கழித்துக் கொண்டுவந்து நீட்டுவார்.

நீட்டினால் தட்டிக்கழிப்பது அவ்வளவு சுலபமும் இல்லை. மின்னணு வழியில் ஏற்பட்டது என்பதாலேயே ஓர் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு. டிரைமெக்ஸ் – வேதாந்தா அலுமினியம் வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதையொட்டித்தான். ஆஸ்திரேலிய பாக்சைட் ஐந்து கப்பல் வாங்குவது பற்றி மெயிலில் பேசி ஒப்புக்கொண்டிருந்தார்கள், முறையான பத்திரம் கையெழுத்தாகவில்லை. முக்கிய அம்சங்கள் எல்லாம் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டதால் ஒப்பந்தம் ஏற்பட்டுவிட்டது என்றது நீதிமன்றம். ஆகவே "ஓகே, கன்ஃபர்ம்ட்" என்ற இரண்டு சொல் சாதாரணமானதில்லை. விலை, ஏர் ஃப்ரெய்ட் (விமானத்தில் அனுப்பும் செலவு), டிஸ்கவுண்ட் இந்த மூன்றிலும் முதலாளியோ மேனேஜரோ எழுத்தில் சொல்லும் வரை "பார்த்துவிட்டு நாளை பகலுக்குள் சொல்கிறோம்" என்பதோடு நிறுத்துங்கள்.

தாமதத்தைச் சொல்லும் மெயிலில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். "சிறு தாமதம்" என்று எழுதிவிட்டு, வாரம் ஒரு முறை தேதியை இரண்டிரண்டு நாளாகத் தள்ளுவது மிக மோசமான வழி. என்ன ஆயிற்று என்று ஒரே வாக்கியம். எத்தனை பீஸ் தயார், எத்தனை பாக்கி. நீங்களே நம்பும் புதிய தேதி. பிறகு அவர் தேர்ந்தெடுக்க இரண்டு வழி: "12000-இல் 8000 பீஸ் 18 ஜூலை கிளம்பும், மீதி 4000 பீஸ் 25 ஜூலை. பிரித்து அனுப்பலாமா, மொத்தமாக 25-ஆம் தேதியா?" காரணத்தைப் பத்தி பத்தியாக விளக்கினால் வக்காலத்து வாங்குவது போலத்தான் தெரியும். கெட்ட செய்தியை வெள்ளி மாலை அனுப்பாதீர்கள். தப்பித்துக்கொள்ளத்தான் அந்த நேரத்தில் அனுப்பினீர்கள் என்று பையருக்குத் தெரியும்.

நினைவூட்ட வேண்டுமென்றால் அதே மெயில் தொடரிலேயே, கேட்டதைத் திரும்ப முழுசாக எழுதுங்கள். "கீழே உள்ள மெயிலைப் பார்க்கவும்" என்றால் யாரும் கீழே போய்ப் பார்ப்பதில்லை. இரண்டாவது நினைவூட்டலுக்கும் அசையாவிட்டால் போன் செய்யுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் அவருடைய பாஸை சிசியில் சேர்ப்பது கடைசி ஆயுதம். அதற்குப் பிறகு அந்த ஆளிடமிருந்து ஒரு சலுகையும் எதிர்பார்க்க முடியாது.

ஃபார்வர்ட் செய்யும் முன் அடிவரை இறக்கிப் பாருங்கள். சாயக் கூலி, துணிக் கணக்கு, மார்ஜின் எல்லாம் அடியில் ஒட்டிக்கொண்டே பையருக்குப் போய்ச் சேர்வது இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கிறது. உள் விவகாரம் பேசிய தொடரை வெளியே அனுப்பவே வேண்டாம், புது மெயில் தொடங்குங்கள். பிசிசியில் (மற்ற பெறுநருக்குத் தெரியாத பிரதி) மேனேஜரைப் போட்டு அவர் ரிப்ளை ஆல் அழுத்தினால் குட்டு உடைந்துவிடும். அவருக்குத் தனியாக அனுப்புவது நல்லது. ஜிமெயிலில் அனுப்பியதை நிறுத்த அதிகபட்சம் 30 விநாடி, செட்டிங்ஸில் மாற்றாவிட்டால் 5 விநாடிதான். அவுட்லுக் ரீகால் வெளி நிறுவனத்துக்குப் போன மெயிலில் வேலை செய்யாது. பெறுநர் முகவரியைக் கடைசியில் நிரப்புகிற பழக்கம் வந்துவிட்டால் பாதி விபத்து குறையும். இணைப்புகள் மெயிலில் போகும்போது மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். 18 எம்பி டெக் பேக் (ஆடையின் முழு விவரக் கோப்பு) 24 எம்பியாகி, அந்தப் பக்க சர்வர் 20 எம்பிக்கு மேல் ஏற்காது என்றால் திரும்பிவிடும்.

சாயப்பட்டறை, பிரிண்டிங், எம்ப்ராய்டரிக்காரர்கள் மெயிலை அவ்வளவாகப் பார்க்கமாட்டார்கள், எல்லாம் வாட்ஸ்அப்தான். அதை மாற்ற முயல வேண்டாம். "அண்ணா, அந்த லாட் என்னாச்சு" என்று போனில் பேசுங்கள், வாய்ஸ் நோட்டும் அனுப்புங்கள். ஆனால் அன்று மாலையே "இன்று பேசியபடி" என்று தொடங்கி ஒரு மெயில் போட்டுவிடுங்கள்: துணி வகை, ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), டயா (துணியின் விட்டம்), கிலோ, லாட் எண், ஒப்புதலான லேப் டிப் எது, எந்தத் தேதியில் ஒப்புதல், கூலி, டெலிவரி தேதி. பில்லில் தகராறு வரும்போது வாய்ஸ் நோட்டைத் தேடி எடுக்க முடியாது.

இனி மெமோ. நம் ஊரில் மெமோ என்றாலே விளக்கம் கேட்டு மிரட்டும் கடிதம் என்று அர்த்தமாகிவிட்டது. அதை எழுதுவது எச்ஆர் வேலை, நீங்கள் தொட வேண்டாம். உங்களிடம் அறிக்கை கேட்டால் நாள், நேரம், இடம், நேரில் கண்டது இவ்வளவுதான். "எப்போதும் அலட்சியமாக" போன்ற அடைமொழிகள் விசாரணையில் உங்கள் பக்கமே திரும்பும்.

நீங்கள் எழுத வேண்டிய மெமோ பிரிவுகளுக்குப் போகிற மாற்றக் குறிப்பு. பையர் எக்ஸ்எல் அளவில் உடல் நீளத்தை 74 செ.மீ.-இலிருந்து 75 ஆக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெமோவில் பழைய அளவு, புதிய அளவு, பையரின் மெயில் தேதி, எந்த ஷிஃப்டிலிருந்து, ஏற்கெனவே வெட்டியதை என்ன செய்வது என்ற ஐந்தும் இருக்க வேண்டும். எல்லோரும் மறப்பது ஆறாவது: பழைய பேட்டர்ன் அட்டையையும் (வெட்டுவதற்கான அளவு மாதிரி) பழைய ஸ்பெக் ஷீட்டையும் (அளவுப் பட்டியல்) யார் திரும்ப வாங்குவது? அது கட்டிங் மேசையில் கிடக்கும் வரை யாராவது அதை வைத்து வெட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். பேட்டர்ன் மாஸ்டர், கட்டிங் இன்சார்ஜ், க்யூசி (தரம் பார்ப்பவர்) மூவரிடமும் நேரத்தோடு கையெழுத்து வாங்கி ஒரு பிரதியை ஆர்டர் ஃபைலில் வையுங்கள். ஸ்பெக் ஷீட்டின் தலையில் வெர்ஷன் எண்ணும் தேதியும் பெரிதாக இருக்கட்டும்.

ஃப்ளோர் நோட்டீஸுக்கு ஒரு பக்கம் போதும், ஒரு விஷயம் மட்டும். தமிழில் மட்டும் ஒட்டினால் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களுக்கு எட்டாது, அடியில் இந்தியும் வேண்டும், முடிந்தால் ஒடியாவும். தமிழை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து வேர்டு ஃபைலாக அனுப்பினால் அடுத்த கணினியில் வெறும் கிறுக்கலாகத் திறக்கும். யூனிகோடில் அடித்துப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். பஞ்ச் மெஷின் பக்கத்தில் ஒட்டுங்கள், எந்தத் தேதி வரை என்பதை நோட்டீஸிலேயே போட்டுவிட்டு அன்று நீங்களே போய்க் கிழித்துவிடுங்கள். போன தீபாவளி லீவு நோட்டீஸ் இன்னமும் தொங்குகிற சுவரை யாரும் படிப்பதில்லை.