வீட்டு ஆய்வுக்கு வருபவர் பிள்ளையைக் கூட்டிப் போய்விடுவாரா?

வணக்கம் தம்பி. அக்காவும் மாமாவும் தவறிய பிறகு அவர்கள் மகளை உங்கள் அம்மா வளர்க்கிறார், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் உதவித்தொகை கேட்டதும் வீட்டைப் பார்க்க ஆள் வருவதாகச் சொன்னார்கள், பிள்ளையை ஹோமில் சேர்த்துவிடுவார்களோ என்று அம்மா சாப்பிடாமல் கிடக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். இப்படி வீட்டு ஆய்வுக்குப் போவதுதான் என் வேலையும். மிஷன் வாத்சல்யா என்ற ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் தருவதே பிள்ளை சொந்தக்காரர் வீட்டிலேயே வளரட்டும் என்பதற்காகத்தான். 2015 சிறார் நீதிச் சட்டமும் பிள்ளையை ஹோமில் சேர்ப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறது.

வருபவர் ஓட்டு வீடா, மாடியா என்று மார்க் போட மாட்டார். பாப்பா எங்கே படுக்கிறாள், பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறாளா, உடம்புக்கு முடியாவிட்டால் யார் கூட்டிப் போவார்கள் என்று கேட்பார். அவளிடம் தனியாகவும் பேசுவார். தயவுசெய்து பதில் சொல்லிக் கொடுத்து வைக்காதீர்கள். மனப்பாடம் செய்த பதில் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். அப்புறம்தான் தேவையில்லாத சந்தேகம் வரும்.

இழுத்தடிப்பது பெரும்பாலும் காகிதம்தான். வருமான உச்சவரம்பு கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, நகரத்தில் 96,000 ரூபாய். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் இன்றே போடுங்கள். இறப்புச் சான்றுகள், ஆதார், ரேஷன் அட்டை, பள்ளிச் சான்று, பாப்பா பெயரில் வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். ஆதாரில் ஒரு பெயரும் பள்ளியில் இன்னொரு இனிஷியலும் இருந்தால் வருபவரிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.