லேப்டாப் ரொம்ப ஸ்லோ, ஃபார்மட் பண்ணி வின்டோஸைப் புதிதாகப் போட்டால் டி டிரைவில் இருப்பது போய்விடுமா?

கவனமாகச் செய்தால் டி போகாது. நீங்கள் பயப்பட வேண்டியது சி-க்குத்தான். டெஸ்க்டாப், டாகுமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும் அதற்குள்தான் இருக்கின்றன, நம்மில் பாதிப் பேர் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பிலேயே கொட்டி வைத்திருப்போம்.

ஒருமுறை அப்பாவின் கம்ப்யூட்டருக்கு நான்தான் ஓஎஸ் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு டிடிபி வேலை, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் டி-யில் பத்திரமாக இருக்கிறது என்று சி-யை நிம்மதியாக அழித்துவிட்டேன். மறுநாள் காலை அவர் ஒரு பத்திரிகையைத் திறந்தால் மணமகன் பெயர் இருந்த இடத்தில் வெறும் ஆங்கில எழுத்துகள், புள்ளி வர வேண்டிய இடத்தில் எல்லாம் அரைப்புள்ளி. "என்னடா பண்ணித் தொலைச்ச?" என்றார். ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாமினி மாதிரி பழைய தமிழ் ஃபான்ட்கள் யூனிகோட் (தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதிந்து வைக்கும் பொதுவான முறை) இல்லை, ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவத்தை ஒட்டி வைத்தவை. அவை இருந்த ஃபான்ட்ஸ் ஃபோல்டர் சி-யோடு போய்விட்டது. எந்தெந்த ஃபான்ட் என்று தேடிப் போட்டு முடிக்க இரண்டு நாள் ஆனது. அதனால் வின்டோஸுக்குள் இருக்கும் அந்த ஃபோல்டரையும் முதலில் காப்பி எடுங்கள். டாலி (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) இருந்தால் அதன் டேட்டா எங்கே என்றும் பாருங்கள், அதுவும் பெரும்பாலும் சி-யில்தான் இருக்கும்.

மற்றபடி வேலை சுலபம். 8 ஜிபி பென் டிரைவ் போதும் (அதில் இருப்பது அழிந்துவிடும்), அதில் வின்டோஸை ஏற்றித் தரும் மீடியா கிரியேஷன் டூல் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, லேப்டாப் ஏற்குமென்றால் 11 போடுங்கள். வின்டோஸ் லைசென்ஸ் கீ பற்றிக் கவலை வேண்டாம், ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன ஒரிஜினல் என்றால் லைசென்ஸ் மதர்போர்டோடு சேர்ந்தது, "கீ இல்லை" என்று கொடுத்து அதே ஹோம் அல்லது ப்ரோவைத் தேர்ந்தெடுத்தால் நெட் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகும்.

பலர் மாட்டிக்கொள்வது, வின்டோஸை எந்தப் பகுதியில் போடுவது என்று கேட்கும் பார்ட்டிஷன் திரையில். அங்கே சி, டி என்று எழுத்து போட்டிருக்காது, டிஸ்க் 0, பார்ட்டிஷன் 3 என்றுதான் இருக்கும், அளவை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் இப்போதே எது எத்தனை ஜிபி என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கும் வின்டோஸ் வசதி) ஆன் ஆகியிருந்தால் அதன் 48 இலக்க ரெகவரி கீயையும் எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் டி அழியாமல் இருந்தும் திறக்காது.

அப்புறம் ஒன்று, உள்ளே இருப்பது சுற்றுகிற பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் ஃபார்மட் பண்ணினாலும் கொஞ்ச நாளில் மறுபடி மந்தமாகிவிடும். அப்படியானால் எதையும் அழிக்காதீர்கள். ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுற்றும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) வாங்கி, பழையதைக் கழற்றிவிட்டு, புதியதில் வின்டோஸ் போடுங்கள். பழைய டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி கேஸில் மாட்டினால் ஃபான்ட் உட்பட எல்லாம் அப்படியே இருக்கும், தேவையானதை மெதுவாக எடுத்துக்கொள்ளலாம்.