நாய்க்குட்டிக்குப் பெரிய நாயின் உணவை எப்போது தொடங்குவது?

வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எங்கள் வீட்டு லாப்ரடார் குட்டிக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது, எடை 24 கிலோ. 'ஆறு மாதத்தோடு பப்பி ஃபுட்டை நிறுத்திவிட்டு அடல்ட் ஃபுட் போட்டுவிடலாம்' என்கிறார் நாங்கள் உணவு வாங்கும் கடைக்காரர். பக்கத்து வீட்டுப் பொமரேனியனுக்குப் பத்தாவது மாதத்தில் மாற்றினார்கள். அது நன்றாகத்தான் இருக்கிறது. பப்பி ஃபுட்டையே தொடர்ந்தால் குட்டி குண்டாகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. எப்போது மாற்றுவது சரி?
– வாசகி, திருச்சி

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் செய்தது சரிதான், ஆனால் அதைப் பார்த்து நீங்களும் அதே மாதத்தில் மாற்றினால் அது தவறாகிவிடும். உணவை மாற்றும் காலத்தைத் தீர்மானிப்பது குட்டியின் வயது மட்டுமன்று, வளர்ந்து முடிந்தபின் அந்த நாய் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதும்தான். நம் தெருக்களில் பொமரேனியன் என்று அழைக்கப்படுபவற்றில் பெரும்பாலானவை உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் இனத்தைச் சேர்ந்தவை. எதுவாயினும் இரண்டுமே சிறிய இனங்கள் என்பதால் ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் அவற்றின் வளர்ச்சி முடிந்துவிடுகிறது. வளர்ந்தபின் 10 முதல் 25 கிலோ வரை எடையுள்ள நடுத்தர இனங்களுக்கு ஏறத்தாழ ஓராண்டு ஆகும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராஜபாளையம் போன்ற பெரிய இனங்களுக்கு 12 முதல் 18 மாதங்களும், கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட் போன்ற மிகப் பெரிய இனங்களுக்கு 18 முதல் 24 மாதங்களும் தேவைப்படும். ஆகவே உங்கள் குட்டிக்கு இன்னும் நான்கைந்து மாதங்களேனும் குட்டிகளுக்கான உணவே கொடுங்கள்.

எட்டு மாத லாப்ரடார் பார்வைக்குப் பெரிய நாயைப் போலவே நிற்கும். பால் பற்கள் விழுந்து நிலைப்பற்களும் முளைத்திருக்கும். ஆனால் அதன் முன்னங்காலை எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தால், எலும்பின் நுனிக்கும் தண்டுக்கும் இடையே ஒரு மெல்லிய கருங்கோடு தெரியும். அதுதான் வளர்ச்சித் தட்டு. குருத்தெலும்பாலான அந்தப் பகுதியில்தான் எலும்பு நீள்கிறது. வளர்ச்சி முடிந்ததும் அது எலும்பாக இறுகி, கோடு மறைந்துவிடும். அதுவரை உடலுக்குத் தேவையான சத்துகள் வேறு, அதற்குப் பின் தேவையானவை வேறு. அமெரிக்காவில் கால்நடைத் தீவனங்களுக்கான அளவுகோல்களை வகுக்கும் ஆஃப்கோ அமைப்பின் கணக்குப்படி, ஈரப்பதம் நீக்கிய எடையில், குட்டிகளுக்கான உணவில் குறைந்தது 22.5 சதவீதம் புரதமும் 1.2 சதவீதம் கால்சியமும் இருக்க வேண்டும். வளர்ந்த நாய்களுக்கு 18 சதவீதப் புரதமும் 0.5 சதவீதக் கால்சியமும் போதுமானவை. வளர்ந்த நாய்க்கான உணவை அந்தக் குறைந்தபட்ச அளவையொட்டித் தயாரித்திருந்தால், கால்சியத்தில் மட்டும் உங்கள் குட்டிக்குப் பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

அதற்காகக் கால்சியம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று எண்ணிவிடாதீர்கள். ஏறக்குறைய ஆறு மாத வயது வரை, உணவிலிருந்து குடல் உறிஞ்சும் கால்சியத்தைத் தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்ளும் திறன் குட்டிகளுக்கு முழுமையாக அமைவதில்லை. கொடுப்பதில் பெரும்பகுதி உள்ளே போய்விடுகிறது. வேகமாக வளரும் பெரிய இனங்களில் இந்த மிகுதியே எலும்பையும் மூட்டையும் கோணலாக்கிவிடும். இதனால்தான் வளர்ந்தபின் ஏறத்தாழ 32 கிலோவுக்கு மேல் எடையிருக்கக்கூடிய நாய்களின் குட்டிகளுக்குக் கால்சியத்தின் உச்சவரம்பு 1.8 சதவீதமாகவும், மற்றவற்றுக்கு 2.5 சதவீதமாகவும் வைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் வாங்கும் மூட்டையில் 'லார்ஜ் பிரீட் பப்பி' அல்லது 'மேக்ஸி பப்பி' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்கத்துப் படத்தை விடப் பின்பக்கத்துச் சிறிய எழுத்துகளே முக்கியம். 'ஆல் லைஃப் ஸ்டேஜஸ்' (எல்லா வயதுக்கும்) என்று போட்டிருக்கும் உணவும் குட்டிகளுக்கான அளவுகோலை நிறைவு செய்வதே. ஆனால் பெரிய இனக் குட்டிகளுக்கும் ஏற்றதென்று அதில் தனியாகக் குறிப்பிட்டிருக்க வேண்டும். முழுமையான பப்பி ஃபுட் தின்னும் குட்டிக்குக் கால்சியம் சிரப்பும் ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. உங்கள் வீட்டில் அந்தப் பாட்டில் இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள்.

குண்டாகிவிடும் என்ற உங்கள் பயம் நியாயமானது. லாப்ரடார் விஷயத்தில் கூடுதல் நியாயம் உண்டு. அந்த இனத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு நாய்க்கு, பசியடங்கும் உணர்வைப் பாதிக்கும் மரபணு மாற்றம் இருப்பதாகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். ஆனால் அதற்குத் தீர்வு உணவின் வகையை முன்கூட்டியே மாற்றுவதில் இல்லை, அளவைக் குறைப்பதில்தான் இருக்கிறது. 48 லாப்ரடார் குட்டிகளை எட்டு வார வயதிலிருந்து ஆயுள் முழுவதும் கவனித்து, 2002இல் முடிவு வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், உடன்பிறந்த குட்டியை விடக் கால் பங்கு குறைவாக உண்டவை சராசரியாக ஏறத்தாழ இரண்டாண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. இரண்டு பிரிவுக்கும் கொடுக்கப்பட்டது ஒரே உணவுதான் என்பதைக் கவனியுங்கள்.

எனவே டம்ளரால் அள்ளிப் போடுவதை விட்டுவிட்டு, சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுங்கள். மூட்டையில் அச்சிட்டிருக்கும் அளவு ஒரு தொடக்கம் மட்டுமே. பிஸ்கட், சப்பாத்தித் துண்டு, வீட்டிலுள்ளவர்கள் தட்டிலிருந்து கொடுப்பது ஆகிய அனைத்தும் சேர்ந்து, நாளொன்றின் மொத்த கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குட்டியின் விலாவை விரல்நுனியால் தடவிப் பாருங்கள். உள்ளங்கையைக் கீழே வைத்து விரித்த கையின் பின்புறத்தைத் தடவும்போது எலும்புகள் எப்படித் தட்டுப்படுகின்றனவோ, அப்படித் தட்டுப்பட்டால் எடை சரியாக இருக்கிறது என்று பொருள். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் அளவில் பத்து சதவீதத்தைக் குறையுங்கள்.

பதின்மூன்று, பதினான்கு மாதம் ஆனதும், எடை அடுத்தடுத்த மாதங்களில் ஏறாமல் நிலைத்துவிட்டதா என்று பார்த்து மாற்றத்தைத் தொடங்குங்கள். அன்று குட்டி நாளொன்றுக்கு 400 கிராம் தின்கிறது என்றால், முதல் இரண்டு மூன்று நாட்களுக்குப் பழையதில் 300, புதியதில் 100. அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்கு இரண்டிலும் 200. பிறகு பழையதில் 100, புதியதில் 300 என்று ஏழு முதல் பத்து நாட்களில் முழுவதுமாக மாற்றிவிடலாம். இடையில் மலம் இளகினால் முந்தைய அளவுக்குத் திரும்பி, இரண்டு நாள் பொறுத்துத் தொடருங்கள். இளகல் நிற்காவிட்டாலோ, வாந்தியோ சோர்வோ சேர்ந்துகொண்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எங்களிடம் ஐந்து மாதச் சிப்பிப்பாறைக் குட்டி இருக்கிறது. கடை உணவு கொடுப்பதில்லை. சோறும் வேகவைத்த கோழியும், காலையில் ராகிக் கூழும் பாலும்தான். வீட்டு உணவு கொடுப்பவர்கள் எப்போது, எதை மாற்ற வேண்டும்?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: உங்கள் குட்டிக்கு உணவை மாற்றும் காலம் ஏறத்தாழ ஓராண்டு நிறையும்போது வரும். ஆனால் அதற்கு முன், இப்போது கொடுப்பதையே சரிசெய்தாக வேண்டும். எலும்பில்லாத இறைச்சியிலும் சோற்றிலும் பாஸ்பரஸை விடக் கால்சியம் மிகக் குறைவு. இதையே தின்று வளரும் குட்டியின் இரத்தத்தில் கால்சியம் குறைய, உடல் தன் எலும்பிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளும். கால் வளைவதும், ஓடும்போது சிறு அடிக்கே எலும்பு முறிவதும் இதனால்தான்.

ராகியில் கால்சியம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். 10 கிலோ எடையுள்ள வளரும் குட்டிக்கு நாளொன்றுக்கு இரண்டு கிராமுக்கு மேல் கால்சியம் தேவை; 100 கிராம் ராகி மாவில் இருப்பதோ 0.35 கிராம் அளவுதான், அதிலும் ஒரு பகுதி உடலில் சேராது. பாலைக் கொண்டு ஈடுகட்டப் பார்த்தால், தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்கு வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். முந்தைய கேள்வியில் சிரப் வேண்டாம் என்ற நானே உங்களுக்குக் கால்சியம் சேர்க்கச் சொல்கிறேன். தேவையில்லாத குட்டிக்குச் சிரப் ஊற்றுகிறார்கள், தேவைப்படும் குட்டிக்கு யாரும் கொடுப்பதில்லை என்பதுதான் நான் அன்றாடம் காண்பது. ஆனால் அளவை நீங்களாகவே முடிவு செய்யாமல், குட்டியை எடை போட்டு, ஒரு வாரத்து உணவை எழுதி எடுத்துச் சென்று, மருத்துவரிடம் கணக்கிட்டு வாங்குங்கள். அது இயலாதவர்கள் வளர்ச்சி முடியும் வரையிலாவது உணவின் பெரும்பகுதியை முழுமையான பப்பி ஃபுட்டாகக் கொடுப்பது நல்லது. ஓராண்டுக்குப் பின் கால்சியத்தின் அளவையும் மொத்த உணவின் அளவையும் மீண்டும் கணக்கிட்டுக் குறைக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று: சிப்பிப்பாறை வேட்டைக்கு ஓடும் உடல்வாகு கொண்டது. கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் வெளியே தெரிவது அதற்கு இயல்பு. மெலிந்திருக்கிறதே என்று உறவினர்கள் சொல்வதைக் கேட்டு அளவைக் கூட்டிவிடாதீர்கள்.

கேள்வி: ஏழு மாதப் பெண் குட்டிக்குக் கருத்தடை அறுவை செய்திருக்கிறோம். இனி அடல்ட் ஃபுட்தான் கொடுக்க வேண்டும் என்கிறார்களே?
– வாசகி, சேலம்

பதில்: வேண்டியதில்லை. அறுவைக்குப் பின் உடலின் கலோரித் தேவை ஏறத்தாழ கால் பங்கு குறைகிறது, பசி சற்றுக் கூடுகிறது. ஆனால் எலும்பு தொடர்ந்து வளர்ந்துகொண்டுதான் இருக்கும். பப்பி ஃபுட்டையே தொடருங்கள். எடையையும் விலாவையும் பார்த்து, அளவை மட்டும் படிப்படியாகக் குறையுங்கள். உங்கள் குட்டி எந்த இனம் என்று நீங்கள் எழுதவில்லை. முதல் பதிலில் சொன்ன மாதக் கணக்கு உங்களுக்கும் பொருந்தும்.