கேள்வி பதில்: சோதனை இசையும் ஜாஸ் குரலும்

கேள்வி: சோதனை இசைக்கு நான் புதியவன். எங்கே தொடங்கலாம்?

பதில்: அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969-இல் செய்த 'நான் ஓர் அறையில் அமர்ந்திருக்கிறேன்'. தன் பேச்சைப் பதிவு செய்து, அதை அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிவு செய்கிறார். பிறகு அந்தப் பதிவை, அதற்கும் அடுத்ததை. ஒவ்வொரு சுற்றிலும் அந்த அறைக்கு இசைவான சுருதிகள் வலுக்கின்றன, மற்றவை தேய்கின்றன. சொற்கள் குழைந்து ரீங்காரமாகிவிடும். பேச்சின் தாளம் மட்டும் மிஞ்சும். அவர் பேச்சில் திக்கல் உண்டு. அது எந்தச் சுற்றில் மறைகிறது என்று கவனியுங்கள். ஃபோன் ஒலிபெருக்கியில் மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: இசையமைப்பாளர் ஜான் கேஜின் 4 நிமிடம் 33 விநாடி மௌனம், கலைஞர் ஒரு சுரமும் வாசிக்காத அந்தப் படைப்பு, ஏமாற்று வேலைதானே?

பதில்: 1952-இல் அதை முதலில் அரங்கேற்றிய பியானோ கலைஞர் டேவிட் டியூடர், பியானோ மூடியை மூடியும் திறந்தும் மூன்று பகுதிகளைப் பிரித்துக் காட்டினார். வெளியே காற்று, கூரையில் மழைத்துளி, கடைசியில் சபையின் முணுமுணுப்பு என்று கேஜ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். மௌனம் எங்கே இருந்தது?

கேள்வி: இதையெல்லாம் என் ஐந்து வயது மகனே செய்வான்.

பதில்: செய்யட்டும். பதிவு செய்து அனுப்புங்கள்.

கேள்வி: எந்த சிந்தசைசர் வாங்கலாம்?

பதில்: கடைக்காரரைக் கேளுங்கள்.

கேள்வி: ஜாஸ் பாடகி ஏபி லிங்கன் அலறுவதைப் பாட்டு என்கிறீர்களே, மனசாட்சி உண்டா?

பதில்: உண்டு. டிரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச் 1960-இல் பதிவு செய்த விடுதலைத் தொகுப்பில் வரும் பகுதி அது. ரோச்சின் டிரம்ஸும் லிங்கனின் குரலும் மட்டும்தான். முதலில் சொல்லில்லாத பிரார்த்தனை. குரல் அடியிலிருந்து எழுகிறது. அடுத்தது எதிர்ப்பு: ஒரு நிமிடத்துக்கு மேல் அலறல். பிறகு அமைதி, அதில் மூச்சு வாங்குவதும் இசையாகிறது. நடுப்பகுதியை மட்டும் வெட்டிக் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

அதே வாசகர்: முழுவதும் கேட்டேன். சுருதி இல்லாதது பாட்டாகாது.

பதில்: அப்படியென்றால் டிரம்ஸையும் வெளியே அனுப்புங்கள். அலறலுக்குள் ஏற்ற இறக்கம் உண்டு, இடைவெளி உண்டு, தாளத்தோடு மோதல் உண்டு.

இன்னொருவர்: ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே அலறாமலே அழவைத்தாரே?

பதில்: நல்ல குறுக்கீடு. அவர் குரலின் வீச்சு சிறியது. தாளத்துக்குச் சற்றுப் பிந்தி வந்து, மெட்டின் மேடுபள்ளங்களைச் சமப்படுத்தி, ஒரே சொல்லில் பாரத்தை இறக்கிவிடுவார். 1958-இல், இறப்பதற்கு முந்தைய ஆண்டு, கரகரத்த குரலோடு அவர் பதிவு செய்த தொகுப்பைச் சிலர் சிதைவு என்கிறார்கள். எனக்கு அவருடைய இளமைக்காலப் பதிவுகளைவிட அது உயர்ந்தது. ஆனால் அவரைக் காட்டி லிங்கனை மட்டம் தட்டாதீர்கள். லிங்கனே அவர் பாட்டைக் கேட்டுப் பாடம் கற்றவர்.

அதே வாசகர்: அலறல் அலறல்தான்.

பதில்: சரி, உங்கள் காது. அடுத்தவர்.

கேள்வி: நான் புதியவள், எங்கே தொடங்கலாம்?

பதில்: முதல் பதில். ஃபோனில் வேண்டாம்.