உப்புநீர் மீன் தொட்டியில் கரண்டும் துருவும்: கேள்வி பதில்

கேள்வி: தொட்டிக்குள் கை விட்டால் விரலில் கீறல் உள்ள இடத்தில் மட்டும் சுரீரென்கிறது. மற்றக் கையில் ஒன்றும் தெரியவில்லை. உப்பு பட்ட எரிச்சல்தானே?

பதில்: கரண்ட் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் நன்றாக இருக்கும்வரை கரண்டை ஓரளவு தடுக்கும், கீறலில் அந்தத் தடுப்பு கிடையாது. இன்னொரு முறை கையை விட்டுப் பார்க்க வேண்டாம். எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டுங்கள். ஒவ்வொரு முறையும் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைத் தண்ணீரிலும் மற்றதை எர்த்திலும் வைத்துப் பாருங்கள். பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எதை மாட்டியதும் எண் சட்டென்று ஏறுகிறதோ அதுதான் ஆள். என் சந்தேகம் முதலில் ஹீட்டர் மேல்தான் போகும். கண்ணாடியில் மயிரிழை விரிசலோ, மேல் மூடியின் ரப்பர் இறுகிப் போனதோ வெளியே தெரியாது.

இன்னொன்று: மீட்டர் 20, 30 வோல்ட் காட்டினாலே கசிவு என்று முடிவு கட்ட வேண்டாம். மோட்டார் சுருளால் தூண்டப்படும் வோல்ட்டேஜையும் மீட்டர் காட்டும், அதில் கரண்ட் அநேகமாக இருக்காது. ஆனால் உங்களுக்குச் சுரீரென்று உறைத்திருக்கிறதே, அதனால் இந்தச் சமாதானம் உங்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: வீட்டில் எம்சிபி இருக்கிறது சார். தனியாக ஆர்சிசிபி வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும். எம்சிபி, அதாவது அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் அணையும் சுவிட்ச், காப்பாற்றுவது ஒயரை, உங்களை அல்ல. அது விழ பல ஆம்பியர் ஓட வேண்டும், மனிதனைக் கொல்ல சில பத்து மில்லி ஆம்பியரே போதும். ஆர்சிசிபி போகிற கரண்டையும் திரும்பி வருகிற கரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, வித்தியாசம் வந்தால் அணைத்துவிடும். 30 மில்லி ஆம்பியர் உள்ளதை வாங்குங்கள். டிசி மோட்டார்களின் அடாப்டர் இருக்கிறதென்றால் டிசி கலந்த கசிவையும் உணரும் ‘ஏ’ வகை நல்லது. டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள்.

எல்லாவற்றையும் ஒரே ஆர்சிசிபியில் மாட்டிவிடாதீர்கள். நடுராத்திரி ஹீட்டர் கசிந்தால் மோட்டாரும் சேர்ந்து நின்று, காலையில் மீன்கள் மூச்சுத் திணறிக் கிடக்கும். இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தண்ணீருக்குள் எர்த் கம்பி விடலாமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: ஆர்சிசிபி இருந்தால் விடலாம். உங்கள் கை உள்ளே போவதற்கு முன்பே கசிவு கம்பி வழியாக எர்த்துக்குப் போய், ஆர்சிசிபி விழுந்துவிடும். அது இல்லாமல் கம்பியை மட்டும் விட்டால், எம்சிபி விழாத அளவுக்குக் கரண்ட் தண்ணீர் வழியே நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். கம்பி டைட்டானியமாகத்தான் இருக்க வேண்டும். செம்பை நினைத்தும் பார்க்காதீர்கள், இறாலும் பவளமும் போய்விடும்.

கேள்வி: ஸ்டாண்டுக்குள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்திருக்கிறேன். தண்ணீர் பட்டதே இல்லை, ஆனாலும் பிளக் முனை பச்சை பூத்துச் சூடாகிறது. ஏன் அண்ணா?

பதில்: தண்ணீர் படவில்லை என்கிறீர்கள், உப்பு பட்டிருக்கிறது. குமிழி உடையும்போது தெறிக்கும் நுண்துளி காற்றில் போய் எங்கும் படியும். ஒயரைப் பிடித்துக்கொண்டும் உப்பு ஊர்ந்து போகும்.

காய்ந்த வெள்ளைப் பொடிதானே என்று விட்டுவிடுகிறோம், அங்கேதான் வினை. கடலுப்பில் சோடியம் குளோரைடு மட்டும் இல்லை, மக்னீசியம் குளோரைடும் உண்டு. முன்னது காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தில் ஈரத்தை இழுத்து நீராகக் கசியத் தொடங்கும், பின்னதற்கு 33 சதவீதமே போதும். ஆக, அந்தப் பொடி முழுதாகக் காய்வதே இல்லை. இரண்டு முனைகளுக்கும் நடுவில் அந்த ஈரப் படலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் ஊர்ந்து, பிளாஸ்டிக்கைக் கருக்கிப் பாதை போடும். தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் தீப்பிடிக்க இது ஒரு முக்கியக் காரணம்.

பச்சை பூத்த பிளக்கையும் பாக்ஸையும் தேய்த்துச் சுத்தம் செய்யாதீர்கள், மாற்றுங்கள். புதியதை ஸ்டாண்டுக்கு வெளியே, சுவரில் உயரமாக அடியுங்கள். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து ஏறட்டும், வழியும் நீர் வளைவில் சொட்டிவிடும். வாரம் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒயரைத் துடையுங்கள்.

கேள்வி: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்ப் போட்டேன். அதுவும் துருப்பிடிக்கிறதே?

பதில்: 304 என்கிற ஸ்டீல் ரகமாக இருக்கும். மாலிப்டினம் கலந்த 316 கொஞ்சம் தாங்கும், ஆனால் இறுக்கிய இடுக்கில் அதையும் குளோரைடு அரிக்கும். பிளாஸ்டிக் கிளாம்ப் போடுங்கள்.

கேள்வி: பாசி தேய்க்கும் காந்தம் ஒரு பக்கம் வீங்கியிருக்கிறது. ஓட்டலாமா?

பதில்: வேண்டாம், இன்றே வெளியே எடுங்கள். உறைக்குள் நீர் புகுந்து காந்தம் துருவாக ஊதிக்கொண்டிருக்கிறது. மோட்டாருக்குள் சுழலும் காந்தமான ரோட்டரையும் கழற்றிப் பாருங்கள், அங்கேயும் இதே கதை நடக்கும்.

கேள்வி: தொட்டி இன்வெர்ட்டரில் ஓடும்போது ஆர்சிசிபி டெஸ்ட் பட்டனை அழுத்தினேன், விழுந்தது. கவலை இல்லைதானே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. அந்தப் பட்டன் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில்தான் சின்னக் கசிவை உண்டாக்குகிறது. எர்த் இல்லாவிட்டாலும் விழும். சில இன்வெர்ட்டர்களில் பேட்டரியில் ஓடும்போது நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. அப்போது உண்மையான கசிவு வந்தாலும் ஆர்சிசிபி சும்மா இருக்கலாம். எலக்ட்ரீஷியனிடம் இதைக் குறிப்பாகச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை இன்வெர்ட்டரில் ஓடும்போது எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டுக் கையை விடுங்கள்.