அந்த மருந்து எப்போது இங்கு வரும்?

கேள்வி: என் அண்ணா 2009 இல் முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியேறியவர். இன்றும் செருப்பை வாசலைப் பார்க்கத் திருப்பிவிட்டு, அடையாள அட்டைப் பையைத் தலைமாட்டில் வைத்த பிறகே படுக்கிறார். கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் குப்புற விழுந்துவிடுகிறார். எம்.டி.எம்.ஏ. என்ற மருந்தால் மனவடு ஆறும் என்று கனடாவிலிருக்கும் மச்சான் சொல்கிறார். இலங்கையில் அதற்கு எப்போது அனுமதி கிடைக்கும்?
ஒரு தங்கை, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கையே, அண்மையில் கிடைக்கும் என்று சொல்ல எனக்கு மனம் இடம்தரவில்லை.

மச்சான் சொன்னதில் உண்மை இருக்கிறது. 104 பேருடன் நடந்து 2023 இல் வெளியான ஓர் ஆய்வில், மருந்தும் உளச்சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 வீதமானோர் மனவடு நோய்க்குரிய வரையறையிலிருந்து விடுபட்டார்கள். வெற்று மாத்திரையுடன் அதே உளச்சிகிச்சையைப் பெற்றவர்களில் அது 48 வீதம். அந்த இரண்டாவது எண்ணையும் கவனியுங்கள். இந்த மருந்து இல்லாமலே, அருகிருந்து பொறுமையாகக் கேட்கும் சிகிச்சையாளர்களுடன் அத்தனை பேர் தேறியிருக்கிறார்கள்.

ஆயினும் 2024 ஓகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி மறுத்து, இன்னொரு பெரிய ஆய்வைக் கோரியது. இந்த மருந்தை உட்கொண்டவருக்கு அதன் வேறுபாடு உடனே தெரிந்துவிடுவதால், குணம் மருந்தால் வந்ததா, எதிர்பார்ப்பால் வந்ததா என்று பிரித்தறிய முடியவில்லை என்பது முக்கியமான ஆட்சேபம். அவுஸ்திரேலியாவிலோ 2023 யூலை 1 முதல், அதிகாரம் பெற்ற உளமருத்துவர்கள் மட்டும் இதனைப் பரிந்துரைக்கலாம். இங்கோ இது தடைசெய்யப்பட்ட போதைப்பொருள். தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் பதிவின்றிப் பொதுவாக எதுவும் மருந்தாக முடியாது.

யாராவது இரகசியமாகக் கொண்டுவந்து தந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். அது இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் கூட்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகளுடன் சேர்ந்தால் உயிராபத்து. வெளியில் விற்கப்படும் குளிசைக்குள் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. ஆய்வில்கூட ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 8 மணிநேரம் இரு சிகிச்சையாளர்கள் கூடவே இருந்தார்கள்.

இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அண்ணாவுடன் நீங்களும் போங்கள். வெடிச்சத்தத்தையும் செருப்பையும் நீங்கள் எழுதியபடியே வைத்தியரிடம் சொல்லுங்கள். அண்ணாவால் சொல்ல முடியாததை அவை சொல்லும். செர்ட்ரலீன் போன்ற மருந்தும், நடந்ததைப் பாதுகாப்பாகச் சொல்ல வைக்கும் உளவளத்துணையும் இந்த நோய்க்கு நெடுநாளாகப் பயன்பட்டு வருபவை. உளவளத்துணையாளர் இருக்கும் நாளை முன்பே கேட்டறிந்து போங்கள்.