பதில்: பழைய ஜாய்-கான் ஸ்விட்ச் 2-இல் மாட்டவில்லை, விற்றுவிடலாமா?

வணக்கம் நண்பரே. நின்டென்டோவின் ஸ்விட்ச் 2 விளையாட்டுக் கருவியில் பழைய ஸ்விட்சின் ஜாய்-கான் (பக்கவாட்டில் மாட்டும் குட்டி கன்ட்ரோலர் ஜோடி) மாட்டவில்லை, விற்றுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விற்காதீர்கள். தள்ளிப் பொருத்தப் பார்த்தும் நுழையவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நுழையாது, அதற்கு மேல் அழுத்தவும் வேண்டாம். பழையது தண்டவாளம் மாதிரி சறுக்கி மாட்டுவது, புதியது காந்தத்தில் ஒட்டுவது. ஆனால் கம்பியில்லாமல் தாராளமாக வேலை செய்யும். கன்ட்ரோலர் மெனுவில் பிடியை மாற்றும் திரையைத் திறந்து, ஜாய்-கானின் பக்கவாட்டில் இருக்கும் குட்டிப் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள், இணைந்துவிடும்.

சார்ஜ்தான் தலைவலி. புதிய கருவியில் ஒட்டாததால் அதில் ஏற்ற முடியாது. பழைய ஸ்விட்ச் வீட்டில் இருந்தால் அதில் செருகுங்கள். இல்லையென்றால் பழைய ஜாய்-கானுக்கான, சார்ஜ் ஏற்றும் கிரிப் (இரண்டையும் செருகிப் பிடிக்கும் சட்டம்) ஒன்று வாங்குங்கள். ஸ்விட்ச் 2 பெட்டியோடு வந்த கிரிப் இதற்கு உதவாது, அது ஜாய்-கான் 2-க்கு மட்டும்.

வளையத்தைப் பிடித்து உடற்பயிற்சி செய்யும் ரிங் ஃபிட் விளையாட்டு ஆடுகிறீர்களா? அப்படியானால் பழைய ஜோடி கட்டாயம் தேவை. அந்த வளையத்தில் புதியது பொருந்தாது, பழைய வலது ஜாய்-கானில் உள்ள அகச்சிவப்புக் கேமராவும் புதியதில் இல்லை.

தனியாக விற்கும் பெரிய கன்ட்ரோலரான புரோ கன்ட்ரோலர் 2 உடனே வேண்டுமா என்றால், என்னைக் கேட்டால் வேண்டாம். பின்புறம் இரண்டு கூடுதல் பொத்தான், ஹெட்போன் துளை, அரட்டைக்கான சி பொத்தான்: நல்ல சமாச்சாரங்கள்தான், ஆனால் உங்களிடம் உள்ள பழைய புரோவே ஓடும்.

அந்தக் காசில் ஸ்விட்ச் 2-க்கு மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற வேகமான மெமரி கார்டு வாங்குங்கள். சாதாரண மைக்ரோ எஸ்டியில் ஸ்விட்ச் 2 விளையாட்டு எதையும் சேமிக்க முடியாது. கடைக்காரர் 'எல்லாம் ஒன்றுதான்' என்பார், அட்டையில் எக்ஸ்பிரஸ் என்று இருக்கிறதா பாருங்கள்.